விலையேற்றம் 'ஸ்லோ' ஆனால் விலை குறையுமா? கம்போங் ராஜா சாலையில் விடை இருக்கிறது

"நாட்டின் பணவீக்கம் மெதுவடைந்தது" என்று செய்தி வருகிறது. அதே வாரம் கடைக்குப் போனால் மீன் விலையும் குறையவில்லை, காய்கறி விலையும் குறையவில்லை. "அப்போ செய்தியில சொன்னது பொய்யா?" என்று வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள். நீங்களே கேட்டிருக்கலாம்.

செய்தி பொய் இல்லை. ஆனால் அதில் இருக்கும் 'ஸ்லோடவுன்' என்ற சொல்லை நாம் பெரும்பாலும் தவறாகவே படிக்கிறோம். ஏதோ ஒன்று குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் குறைந்தது வேகம் மட்டும்தான்.

இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் விலைவாசி, பொருளாதார வளர்ச்சி, சம்பளம், சாலைப் பாதுகாப்பு என நாலைந்து வகைச் செய்திகள் ஒரே நேரத்தில் தெளிவாகும். விளக்குவதற்கு வசதியான இடம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. கேமரன் மலையின் வடகோடியில், தேயிலையும் காய்கறித் தோட்டங்களும் சூழ்ந்த சிற்றூரான கம்போங் ராஜா.

சொல்லின் பொருள் என்ன?

ஆங்கிலத்தில் 'ஸ்லோ டவுன்' என்று இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதினால் அது வினை: வேகத்தைக் குறை. 'ஸ்லோடவுன்' என்று சேர்த்து எழுதினால் பெயர்ச்சொல்: வேகம் குறைந்த நிலை. செய்தியில் அதிகம் வருவது இரண்டாவது. வேடிக்கை என்னவென்றால், 'ஸ்லோ அப்' என்றாலும் ஆங்கிலத்தில் அதே பொருள்தான். மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகத்தான் போகிறது!

இயற்பியல் வகுப்பில் இதற்கு 'டிசெலரேஷன்' என்று பெயர். மலாயில் படித்தவர்களுக்கு 'ஞாஹ்பெச்சுத்தான்' என்றால் உடனே தெரியும். தமிழில் இது ஊருக்கு ஊர் மாறுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் 'முடுக்கம்' என்பதற்கு எதிர்ப்பதமாக 'எதிர் முடுக்கம்' என்று படிக்கிறார்கள். இலங்கைத் தமிழ் மாணவர்கள் 'ஆர்முடுகல்', 'அமர்முடுகல்' என்று படிக்கிறார்கள். 'அமர்' என்பதில் அடங்குதல், தணிதல் என்ற பொருள் இருப்பதால் 'அமர்முடுகல்' இந்த இடத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது.

சிக்கல் வருவது பொருளாதாரச் செய்தியில்தான். வளர்ச்சி வேகம் குறைவதைக் குறிக்கும் 'ஸ்லோடவுன்', பொருளாதாரமே சுருங்குவதைக் குறிக்கும் 'ரிசெஷன்', நீண்ட பெரும் சரிவைக் குறிக்கும் 'டிப்ரெஷன்' மூன்றும் வெவ்வேறு. தமிழ்ச் செய்திகளில் மூன்றுக்கும் சேர்த்து 'மந்தநிலை' என்ற ஒரே சொல்லைப் பல நேரம் போட்டுவிடுகிறோம். 'பெருமந்தம்' என்றால் மட்டும் 1930களின் உலகச் சரிவு என்று தனியாகத் தெரிகிறது.

மலாயில் இந்தப் பிரிவு ஓரளவு தெளிவு. வளர்ச்சி மெதுவாவதற்கு 'கெலெம்பாப்பான் ஏகோனோமி', சுருங்குவதற்கு 'கெமெலெசெத்தான் ஏகோனோமி'. 'லெம்பாப்' என்றால் மந்தமாக இருப்பது என்றும் பொருள், ஈரப்பதமாக இருப்பது என்றும் பொருள். கேமரன் மலையின் வானிலை அறிக்கையில் வரும் அதே சொல் வணிகச் செய்தியிலும் வரும். அங்கே காற்றில் ஈரம், இங்கே வளர்ச்சியில் மந்தம்.

மீட்டர் முள்ளும் கிலோமீட்டர் கல்லும்

இப்போது ஒரு கார்ப் பயணம். கம்போங் ராஜாவிலிருந்து ஈப்போ பக்கம் உள்ள சிம்பாங் பூலாய்க்கு இறங்குகிறீர்கள். 185ஆம் எண் கூட்டரசுச் சாலையில் வருகிறது இந்தப் பகுதி. ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து கிந்தா சமவெளி வரை இறக்கம்.

காரில் இரண்டு எண்களைப் பார்க்கலாம். ஒன்று, இப்போது எவ்வளவு வேகம் என்று காட்டும் மீட்டர் முள். இன்னொன்று, எங்கே வந்திருக்கிறோம் என்று காட்டும் சாலையோரக் கிலோமீட்டர் கல். வளைவு வருகிறது, 60-லிருந்து 40-க்குக் குறைக்கிறீர்கள். முள் கீழே இறங்கிவிட்டது. ஆனால் கார் பின்னால் போகவில்லை. முன்னைவிட மெதுவாக, அடுத்த கல்லை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

முள் சுழியத்தைத் தொட்டால்தான் கார் நிற்கும். ரிவர்ஸ் கியர் போட்டால்தான் தாண்டி வந்த கல் மறுபடி வரும்.

செய்தியைப் படிக்கும்போது இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பணவீக்க விழுக்காடு என்பது மீட்டர் முள். கடையில் எழுதியிருக்கும் விலை கிலோமீட்டர் கல். பொருளாதார வளர்ச்சி விழுக்காடு முள். பொருளாதாரத்தின் மொத்த அளவு கல்.

கடையில் ஏன் விலை குறையவில்லை?

மலேசியாவின் ஆண்டு சராசரிப் பணவீக்கம் 2022இல் 3.3 விழுக்காடு. 2023இல் 2.5. 2024இல் 1.8. தொடர்ந்து இரண்டு ஆண்டு இறக்கம். 'ஸ்லோடவுன்' என்று எழுதுவதில் எந்தத் தவறும் இல்லை.

உணவுப் பொருள்களை மட்டும் தனியாகப் பார்த்தால் 2022இல் 5.8 விழுக்காடு, 2023இல் 4.8, 2024இல் 2.0. இங்கேயும் முள் இறங்கிக்கொண்டே வருகிறது. கல் என்ன சொல்கிறது?

2021இல் 100 ரிங்கிட்டுக்கு ஒரு கூடை மளிகை வாங்கியதாக வைத்துக்கொள்வோம். அதே கூடை 2022இல் ஏறக்குறைய 105 ரிங்கிட் 80 சென். 2023இல் 110 ரிங்கிட் 90 சென். 2024இல் 113 ரிங்கிட் 10 சென். வேகம் ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது. விலை ஒவ்வோர் ஆண்டும் கூடியது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

விலையே இறங்க வேண்டுமென்றால் விழுக்காடு சுழியத்துக்குக் கீழே போக வேண்டும். அதற்கு 'டிஃப்ளேஷன்' என்று வேறு பெயர். பெருந்தொற்றின்போது 2020இல் மலேசியாவில் அப்படி நடந்தது. எரிபொருள் விலை சரிந்தது அதற்கு முக்கியக் காரணம். அந்த ஆண்டை யாரும் நல்ல காலம் என்று நினைவில் வைத்திருக்கவில்லை, ஏனென்றால் பலருக்கு வருமானமே நின்றுபோயிருந்தது. அதனால்தான் பொருளாதார நிபுணர்கள் விலை மொத்தமாக இறங்க வேண்டும் என்று கேட்பதில்லை. விலை மெதுவாக ஏறட்டும், சம்பளம் அதைவிட வேகமாக ஏறட்டும் என்பதே அவர்கள் கணக்கு.

அப்படியானால் சம்பளம் எந்த வேகத்தில் போனது?

இந்தக் கேள்வி தோட்டத்தில் வேலை செய்பவருக்கு மிக முக்கியம். பெரும்பாலான கடைநிலைத் தொழிலாளர்களின் சம்பளம் குறைந்தபட்சச் சம்பள ஆணையை ஒட்டியே நகர்கிறது. அந்த ஆணை மீட்டர் முள்ளைப்போல மாதாமாதம் அசைவதில்லை. பல மாதம் அசையாமல் நின்று, திடீரென்று ஒரு நாள் தாவும்.

ஐந்தும் அதற்கு மேலும் தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கு 2022 மே 1 முதல் 1,500 ரிங்கிட். அடுத்த உயர்வு 2025 பிப்ரவரி 1: 1,700 ரிங்கிட். இடையில் 33 மாதங்கள்.

2022இல் மாதம் 500 ரிங்கிட்டுக்கு உணவுப் பொருள் வாங்கிய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன விழுக்காட்டின்படி அதே பொருள்களுக்கு 2023இல் 524 ரிங்கிட், 2024இல் ஏறக்குறைய 534 ரிங்கிட். சம்பளம் அதே 1,500 என்றால், கூடுதலாகப் போன 34 ரிங்கிட் வேறு எங்கிருந்தோ பிடுங்கப்பட்டிருக்க வேண்டும். பிள்ளையின் டியூஷன் காசாக இருக்கலாம், ஊருக்குப் போகும் பஸ் காசாக இருக்கலாம்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1,500-லிருந்து 1,700 என்பது 13.3 விழுக்காடு உயர்வு. இது அந்த இரண்டு ஆண்டு உணவு விலை உயர்வைவிட அதிகம். அதாவது கடைசியில் சம்பளம் விலையை முந்தியது. ஆனால் முந்துவதற்கு முன்னால் இருந்த 33 மாதமும் குடும்பம் சாப்பிட்டுத்தானே ஆகவேண்டும்? அந்த மாதங்களில் "பணவீக்கம் மெதுவடைந்தது" என்ற தலைப்பைப் படித்தவருக்கு அது தன் வாழ்க்கையைப் பற்றிய செய்தியாகத் தோன்றாமல் போனதில் வியப்பில்லை.

மெதுவான வளர்ச்சியா, பின்னோக்கிய ஓட்டமா?

இப்போது வளர்ச்சிக் கணக்கு. முதலில் அறிவிக்கப்பட்ட எண்களின்படி (பிறகு இவை சிறிது திருத்தப்பட்டன) மலேசியப் பொருளாதாரம் 2020இல் 5.6 விழுக்காடு சுருங்கியது. 2021இல் 3.1 விழுக்காடு வளர்ந்தது. 2022இல் 8.7. 2023இல் 3.7.

8.7-லிருந்து 3.7-க்கு வந்தது பெரிய பிரேக் மாதிரி தெரிகிறது, இல்லையா? 2023இல் 'ஸ்லோடவுன்' என்று தலைப்புகள் வந்தன. அதே எண்களைக் கல்லாக மாற்றிப் பாருங்கள். 2019ஆம் ஆண்டுப் பொருளாதாரத்தின் அளவை 100 என்று வைத்தால், 2020இல் 94.4. 2021இல் 97.3. 2022இல் 105.8. 2023இல் 109.7.

இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, 2021இல் 'வளர்ச்சி' என்று கொண்டாடிய நேரத்திலும் நாம் 2019இல் இருந்த இடத்துக்கே இன்னும் திரும்பவில்லை. இரண்டு, 2023இல் 'ஸ்லோடவுன்' என்று கவலைப்பட்ட நேரத்தில் நாம் அதுவரை இல்லாத தூரத்தில் இருந்தோம். முள்ளை மட்டும் பார்த்தால் 2021 நல்ல ஆண்டு, 2023 சுமாரான ஆண்டு. கல்லைப் பார்த்தால் கதை வேறு.

2022இன் 8.7-க்கும் ஒரு காரணம் உண்டு. பள்ளத்தில் விழுந்தவர் எழுந்து நடக்கும் முதல் சில அடி எப்போதும் பெரிதாகத் தெரியும். முந்தைய ஆண்டு தாழ்ந்திருந்தால் இந்த ஆண்டு விழுக்காடு உயர்ந்து காட்டும். பொருளாதாரத்தில் இதை அடிப்படை விளைவு என்கிறார்கள்.

'ரிசெஷன்' என்றால் ரிவர்ஸ் கியர். அடுத்தடுத்த இரண்டு காலாண்டுகள் பொருளாதாரம் சுருங்கினால் அப்படிச் சொல்வது பொதுவான வழக்கம். 2020இன் இரண்டாம் காலாண்டில் மலேசியா 17.1 விழுக்காடு சுருங்கியது. அதை 'மெதுவடைந்தது' என்று எழுதியிருந்தால் அது செய்தியே இல்லை.

கேமரன் மலையின் தோட்ட வரலாற்றிலும் இந்த வித்தியாசம் பதிந்திருக்கிறது. போ தேயிலை நிறுவனம் தொடங்கப்பட்டது 1929இல். அதே ஆண்டு இறுதியில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து பெருமந்தம் ஆரம்பமானது. ரப்பர் விலை வீழ்ந்தது. மலாயாத் தோட்டங்களில் வேலை போனது. 1930 முதல் சில ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் அனுபவித்தது 'மந்தம்' இல்லை. நேற்று வரை இருந்த வேலை இன்று இல்லை. நாம் 'ஸ்லோடவுன்', 'ரிசெஷன்', 'டிப்ரெஷன்' மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கும்போது, இந்த அனுபவமும் 8.7-லிருந்து 3.7-க்கு வந்த ஆண்டும் ஒன்றுபோல ஒலிக்கிறது.

சராசரி மெதுவாகும்போது சிலருக்கு ரிவர்ஸ்

"சரி, வளர்ச்சி இருக்குல்ல, அப்புறம் என்ன கவலை?" என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு 2019ஆம் ஆண்டு இந்தியா நல்ல எடுத்துக்காட்டு.

அந்த ஆண்டு நவம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மாநிலங்களவையில், வளர்ச்சி குறைந்திருக்கலாம், ஆனால் இது 'ரிசெஷன்' இல்லை என்று பதில் சொன்னார். சொல்லின் பொருளை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. அடுத்த இரண்டு நாளில் வெளியான ஜூலை - செப்டம்பர் காலாண்டு வளர்ச்சி 4.5 விழுக்காடு. வேகம் குறைந்திருந்தது, வண்டி முன்னால்தான் போனது.

ஆனால் அதே காலாண்டில் சென்னைக்குப் பக்கத்தில் என்ன நடந்தது? லாரி, பஸ் தயாரிக்கும் அசோக் லேலண்ட், எண்ணூர் உள்ளிட்ட தன் ஆலைகளில் 2019 செப்டம்பரில் வேலையில்லா நாட்களை அறிவித்தது. வாகன விற்பனை மெதுவாக வளரவில்லை, சரிந்துகொண்டிருந்தது. நாடு முழுவதற்கும் சராசரி எடுத்தால் 'ஸ்லோடவுன்'. எண்ணூர் ஆலை வாசலில் அது ரிவர்ஸ் கியர்.

அதனால் யாராவது 'ஸ்லோடவுன்' என்று சொன்னால், அது யாருடைய சராசரி என்று கேட்பது நல்லது. காய்கறித் தோட்டக்காரர், சுற்றுலா வழிகாட்டி, தேயிலை பறிப்பவர் மூவரும் ஒரே மலையில் இருந்தாலும் மூவரின் முள்ளும் ஒரே எண்ணைக் காட்டுவதில்லை.

தொழிலாளர் வேண்டுமென்றே மெதுவானால்?

தேயிலைத் தோட்டத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. 'கோ-ஸ்லோ' என்பார்கள். வேலைக்கு வருவார்கள், ஆனால் எல்லாரும் பேசி வைத்து மெதுவாக வேலை செய்வார்கள். இலங்கை மலையகத்தில் இதற்கு 'மெதுவாகப் பணி செய்யும் போராட்டம்' என்றே பெயர். 2015 ஜூலையில் 1,000 ரூபாய் நாட்கூலி கேட்டு அங்கே தோட்டத் தொழிலாளர்கள் இப்படி ஒரு போராட்டம் நடத்தினார்கள். அந்த 1,000 ரூபாய் சம்பளச் சபை வழியாக நடைமுறைக்கு வந்தது 2021இல். கேட்ட வேகத்தையும் கிடைத்த வேகத்தையும் நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

மலேசியாவில் சட்டம் என்ன சொல்கிறது? 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் 'வேலைநிறுத்தம்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் வேலையை முழுதாக நிறுத்துவது மட்டும் இல்லை. தொழிலாளர்கள் கூட்டாகச் சேர்ந்து வேலையைக் குறைப்பது, வேண்டுமென்றே தாமதப்படுத்துவது ஆகியவையும் அதற்குள் வந்துவிடும். அதாவது இங்கே கூட்டாக 'ஸ்லோ' ஆனால் சட்டத்தின் கண்ணில் அது நின்றதற்குச் சமம். வேலைநிறுத்தத்துக்கு உள்ள அதே விதிமுறைகள் இதற்கும் பொருந்தும். இந்தியாவின் தொழிற்தகராறுச் சட்டமும் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்யத் தூண்டுவதை நியாயமற்ற தொழில் நடைமுறைப் பட்டியலில் வைத்திருந்தது.

சந்தை மெதுவானால் அது 'ஸ்லோடவுன்', யார் மீதும் குற்றம் இல்லை. தொழிலாளர் மெதுவானால் அது சட்டப் பிரச்சினை. சொல் ஒன்றுதான், அதைச் செய்வது யார் என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது.

எல்லா மெதுவும் நட்டம் என்றும் இல்லை. மலைக்குளிரில் தேயிலைக் கொழுந்து சமவெளியைவிட மெதுவாகத்தான் துளிர்க்கும். மலைத் தேயிலைக்குத் தனி மணம் வருவதற்கு அந்த நிதானமும் ஒரு காரணம். ஆனால் பறித்த எடைக்குக் காசு என்றால், இலை மெதுவாகத் துளிர்க்கும் மாதத்தில் கூடையும் லேசாகத்தான் இருக்கும். குடிப்பவருக்கு வரும் மணத்தின் விலையைப் பறிப்பவரும் கொஞ்சம் கொடுக்கிறார்.

சாலையில் மட்டும் இந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்

பொருளாதாரத்தில் எப்படியோ, 185ஆம் எண் சாலையில் 'குராங்கான் லாஜு' என்ற அறிவிப்புப் பலகைக்கு வேறு விளக்கம் கிடையாது: வேகத்தைக் குறை. எப்படிக் குறைப்பது என்பதற்கும் மலைச் சாலைகளில் பலகை உண்டு. 'குனாக்கான் கியர் ரெண்டா', குறைந்த கியரில் போ.

ஏன் பிரேக் மட்டும் போதாது? நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கியரை இறக்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் ஓய்வெடுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். மாற்றிச் சொன்னால், 60-லிருந்து 30-க்குக் குறைத்தால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் கால்வாசியாகிவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடி தாமதித்தால் கிட்டத்தட்ட 17 மீட்டர் போயிருப்பீர்கள். 30-ல் 8 மீட்டர்தான்.

இது வெறும் பாடநூல் கணக்கு இல்லை. 2010 டிசம்பர் 20 அன்று கேமரன் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த சுற்றுலாப் பேருந்து இந்தச் சிம்பாங் பூலாய் சாலையில் விபத்துக்குள்ளானது. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள், பெரும்பாலோர் தாய்லாந்துப் பயணிகள். 2013 ஆகஸ்ட் 21 அன்று கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 9 அன்று கெரிக் அருகே கிழக்கு - மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தார்கள்.

கெரிக் விபத்துக்குப் பிறகு, கனரக வாகனங்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 2025 அக்டோபர் 1 முதல் கட்டங்கட்டமாகக் கட்டாயமாகும் என்று போக்குவரத்து அமைச்சு அறிவித்தது. நல்ல நடவடிக்கை. ஆனால் இங்கேயும் சொல்லைக் கவனியுங்கள். அந்தக் கருவி வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு போடுகிறது, அவ்வளவுதான். வரம்பைத் தொட்டதும் எஞ்சினுக்குப் போகும் எரிபொருளைக் குறைப்பதே அதன் வேலை. வளைவு வருகிறது என்று அதற்குத் தெரியாது. இறக்கத்தில் வண்டியைத் தள்ளுவது எஞ்சின் அல்ல, புவியீர்ப்பு. நெடுஞ்சாலை வேகத்துக்கு வைத்த வரம்பு கொண்டைஊசி வளைவில் உதவாது. 'லிமிட்' வேறு, 'ஸ்லோ டவுன்' வேறு. இரண்டாவதைச் செய்ய ஓட்டுநரின் காலும், நல்ல பிரேக்கும், ஒழுங்கான பராமரிப்பும் வேண்டும். கருவி பொருத்திவிட்டோம் என்பதால் மற்ற மூன்றையும் யாரும் மறந்துவிடக் கூடாது.

அடுத்த முறை செய்தி படிக்கும்போது

'ஸ்லோடவுன்', 'மெதுவடைந்தது', 'மந்தமானது' என்று எங்கே பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்.

முதல் கேள்வி: குறைந்தது முள்ளா, கல்லா? "பணவீக்கம் குறைந்தது" என்றால் முள். "விலை குறைந்தது" என்றால் கல். இரண்டையும் மாற்றிப் போட்டு வாட்ஸ்அப்பில் வரும் தலைப்புகள் ஏராளம்.

இரண்டாவது: எதோடு ஒப்பிட்டு? போன மாதத்தோடா, போன ஆண்டோடா? ஒப்பிடும் ஆண்டே பள்ளத்தில் இருந்ததா, மேட்டில் இருந்ததா?

மூன்றாவது: யாருக்கு? நாட்டுச் சராசரிக்கா, உங்கள் ஊருக்கா, உங்கள் வீட்டுச் செலவுப் பட்டியலுக்கா?

இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தி முழுமையான செய்தி இல்லை, அது எங்கள் தளத்தில் வந்தாலும் சரி. தமிழில் எழுதுகிற எங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு: வேகம் குறைந்தால் 'வளர்ச்சி வேகம் குறைந்தது', சுருங்கினால் 'சுருங்கியது' என்று நேராக எழுதிவிடலாம். கூடுதலாக ஒரு சொல்தான் செலவாகும்.

கடைக்குப் போய்விட்டு வந்து "விலை குறைஞ்சிருச்சுன்னு சொன்னாங்களே?" என்று வீட்டில் யாராவது கேட்டால், இப்போது உங்களால் பதில் சொல்ல முடியும். குறைஞ்சது ஏறுற வேகம்தான். விலை இன்னும் ஏறிக்கிட்டுத்தான் இருக்கு, சம்பளம் அதுகூட ஏறுதான்னு பார்க்கணும்.